சுவரில் ஒட்டிய நோட்டீஸ்

கண்ணாடிப் பெட்டிக்குள் குறைமாதப் பிள்ளை. பக்கத்தில் மானிட்டர் கத்தியது.

"சிஸ்டர், ஓடி வாங்க! ஆக்சிஜன் இறங்குது!" அப்பாக்காரர் பதறினார்.

"ஒண்ணும் இல்லை. உங்க மக காலை உதைச்சு சென்சாரைக் கழட்டிட்டா. காலையிலேர்ந்து ஏழாவது தடவை கூப்பிடுறீங்க." நர்ஸ் அதை மறுபடி பிஞ்சுப் பாதத்தில் ஒட்டினாள். "சுவத்துல இருக்கிற நோட்டீஸைக் கொஞ்சம் படிங்க."

'பெற்றோர் கவனத்துக்கு: மானிட்டரைப் பார்க்காதீர்கள், பிள்ளையைப் பாருங்கள்.'

அவருக்குச் சுர்ரென்று கோபம் வந்தது. "இதை எழுதினவன் பிள்ளை பெத்தவனா இருக்கமாட்டான்!"

நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"வாஸ்தவம்தான் டாக்டர். அஞ்சு வருஷம் முன்னாடி நீங்க இதை எழுதி ஒட்டினப்போ உங்களுக்குக் கல்யாணமே ஆகலையே!"