யாருடைய கைப்பக்குவம்

ஆக்லாந்தின் அந்தப் பிலிப்பினோ உணவகத்து அடுக்களையில், எவர்சில்வர் மேசைமேல் மதிய வெயில் பட்டுக் கண் கூசுகிறது. குடியேற்றத் துறை அதிகாரி நின்றபடியே மாட்டுவால் குழம்பை ருசி பார்க்கிறாள். ரொடெலியோ கரண்டியும் கையுமாக அவள் வாயையே பார்க்கிறான். தானே யோசித்துச் சமைக்கும் தலைமைச் சமையல்காரன் அவன் என்று முதலாளி மாரிவிக் எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதிகாரி அதை நம்பினால் வசிப்புரிமை கிடைக்கும். மனைவியையும் மகளையும் அழைத்துக்கொள்ளலாம். வெறும் எடுபிடி என்று நினைத்துவிட்டால் ஊர் திரும்ப வேண்டியதுதான். நிலக்கடலையை லேசாகக் கருகும்வரை வறுத்து அரைத்துவிடுவது அவனே கண்டுபிடித்த பக்குவம். "அடேங்கப்பா! யாரோட கைப்பக்குவம் இது?" என்கிறாள் அதிகாரி. மாரிவிக்கின் முகம் மலர்கிறது. "எல்லாம் நம்மளோடதுதாங்க. இவனுக்கு என்ன தெரியும்? நான் சொல்லச் சொல்லக் கிண்டுவான், அவ்ளோதான்." "அக்கா..." என்கிறான் ரொடெலியோ. "பெரியவங்க பேசறப்ப சும்மா இருடா." பேனா நிதானமாக எழுதுகிறது. குழம்பு கொதித்துக்கொண்டிருக்கிறது. அதிகாரி போனதும் மாரிவிக் அவன் முதுகில் தட்டுகிறாள். "தட்டையே வழிச்சுட்டாங்க, பாத்தியா! இனி என்னடா, பொண்டாட்டிக்கு டிக்கெட் போடு."