வடகரை வழி

இருபத்திரண்டாயிரத்து நானூற்றைம்பது ரூபாய் பாக்கி. அதற்கு ஈடாக வண்டியை எடுத்துப்போக ஃபைனான்ஸ் ரெங்கராஜ் வந்து திருவெறும்பூர் வீட்டு வாசலில் நிற்கிறார். பட்டறையில் வெல்டிங் வேலை பார்க்கும் ஸ்டீபன்ராஜ் வண்டியை விட்டு இறங்காமல், போனில் கொல்லிமலைக்கு வழி போட்டுக்கொண்டிருக்கிறான். மேப்பின் நீலக்கோடு வேறெந்த ரோட்டையோ பிடித்துக்கொண்டு ஓடுகிறது. அதை விரலால் இழுத்து, குணசீலம், முசிறி என்று காவிரியின் வடகரையோரமாகக் கொண்டுபோகப் பார்க்கிறான். தீப்பொறி பட்டுக் காய்த்த விரலுக்குத் திரை லேசில் மசிவதில்லை. கோடு நழுவி நழுவிப் பழைய இடத்துக்கே போய்விடுகிறது. சாயங்கால வெயில் பெட்ரோல் டேங்கில் பட்டு அவன் முகத்தில் அடிக்கிறது. கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் லூர்துராணியை அவன் கூட்டிப்போன ஒரே மலை மலைக்கோட்டைதான்.

ரெங்கராஜ் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார். "டோல்கேட் வேணாம்னு டிக் போட்டிருக்கீங்க? டூவீலருக்கு ஏதுங்க காசு? சும்மாவே விடுவான்."

ஸ்டீபன்ராஜுக்கு அது தெரியாது. காசு கேட்கிற இடமென்றால் சுற்றிக்கொண்டு போய்த்தான் பழக்கம். டிக்கை எடுக்கிறான். பயணம் இருபது நிமிடம் குறைகிறது.

"சாவியக் குடுத்துருங்க. எவ்ளோ நேரம் நிப்பாரு?" என்கிறாள் லூர்துராணி, கதவோரம் நின்று.

அவன் வழியைச் சேமித்துவிட்டு இறங்கிச் சாவியைக் கொடுக்கிறான். ரெங்கராஜ் புரோநோட்டை நாலாகக் கிழிக்கிறார்.

"இன்னும் எவ்ளோண்ணே இருக்கு?" என்று கேட்கிறாள் அவள்.

"ஒண்ணுமில்லம்மா," என்று வண்டியைக் கிளப்புகிறார் அவர். "எல்லாம் முடிஞ்சிருச்சு."