ஆளுக்கொரு காது

சர்வேயர் சண்முகவடிவேலுக்கு அந்தப் பாட்டின்மேல் பித்துப் பிடித்து மூன்று வாரமாகிவிட்டது. ‘மூணாவது மாடி’ என்று யாரும் கேள்விப்படாத ஒரு பாட்டுக்குழு. பாட்டு இணையத்தில் மொத்தமே இருநூறு முறைதான் கேட்கப்பட்டிருந்தது. அதில் பாதி இவர் கேட்டது. கிடாருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு பாடுவதுபோல ஒரு பெண் பாடினாள். நிலம் அளக்கப் போன இடத்தில், சங்கிலியைக் கையில் பிடித்தபடியே ஒருநாள் அழுதுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி கோமளவல்லி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, இயர்போனின் ஒரு முனையை அவள் காதில் செருகி, மற்றதைத் தன் காதில் வைத்துக்கொண்டார்.

“கேளேன். இந்தப் பொண்ணைப் பெத்தவன் குடுத்து வச்சவன்.”

கோமளவல்லியின் கை கீரையிலேயே நின்றுவிட்டது. பாட்டு முடியும்வரை அவர் முகத்தையே பார்த்தாள்.

“நெஜமாவே தெரியலையா உங்களுக்கு? நம்ம எழிலிங்க.”

எழிலி, சொன்ன பேச்சைக் கேட்காமல் கல்யாணம் செய்துகொண்டு போன மகள். நான்கு வருடமாக அந்த வீட்டில் அவள் பெயரைச் சொல்ல அவர் யாரையும் விட்டதில்லை. அவள் பாடி ஒரு வரிகூட அவர் கேட்டதில்லை.

“அவ எப்போ பாடக் கத்துக்கிட்டா?” என்று கேட்டார்.

“சின்னதுலேர்ந்தே பாடுவா. உங்க வண்டிச் சத்தம் கேட்டா நிறுத்திடுவா.”

இயர்போனைக் கழற்றக்கூடத் தோன்றாமல் அவர் உட்கார்ந்திருந்தார். பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.