பாலைக் கட்டை

“நாலு மணித்தியாலம்தான் இருக்கு, அண்ணை. பொழுதுபட முந்திப் பாய்மரம் நிக்கவேணும்” என்றாள் மக்டலீன்.

வள்ளம் கட்டும் ஓடாவி நீக்கிலாப்பிள்ளை வள்ளத்துக்குள் குனிந்தார். பாய்மரத்தின் அடியைத் தாங்கும் கட்டை உக்கிப்போயிருந்தது. விரல் பட்டதும் உதிர்ந்தது. எஞ்சின் ஓடிய காலத்தில் பாயை யாரும் நினைக்கவில்லை. சண்டையால் மண்ணெண்ணெய் வருவது நின்ற பிறகுதான் குருநகர்க் கரையில் பழைய வள்ளங்களைத் தேடினார்கள்.

“மரத்துக்கு எங்கை போறது? ஊரிலை இருந்ததெல்லாம் குண்டுக்கு ஒளிக்க வெட்டின பங்கருக்கு மேலை கிடக்கு.”

“மரம் கொண்டந்தனான்.”

அவளும் தம்பி லியோனும் சாக்கில் சுற்றிய ஒன்றைத் தூக்கிவந்து வைத்தார்கள்.

“அப்பிடி என்ன அவசரம், பிள்ளை?”

“அக்கரையிலை, நாச்சிக்குடாவிலை ஒரு ஆள் காய்ச்சலோடை கிடக்குது. விடியிறதுக்குள்ளை இஞ்சை ஆசுப்பத்திரிக்குக் கொண்டுவரவேணும். பிந்தினால் தப்பாதாம்.”

“ஆர் ஆள்?”

“கொண்டந்தாப் பிறகு பாருங்கோவன்.”

“லியோன், உன்ரை கொக்காவின்ரை வாயைத் திறக்கிறதிலும் பாக்க மட்டிச் சிப்பியைத் திறக்கலாமடா!”

சாக்கை விரித்தவர் அசந்துபோனார். வைரம் பாய்ந்த பாலை மரக் கட்டை. நடுவில் குறுக்காக ஒரு வெட்டு. கொஞ்சம் அகட்டினால் போதும், பாய்மரத்தின் அடி அச்சாக உட்காரும்.

“அந்தோனியாரே! அளந்து வெட்டி வச்ச மாதிரியெல்லோ கிடக்கு!”

உளியை வைத்து இரண்டு தட்டுத் தட்டினார். மூன்றாவதுக்குக் கை எழவில்லை. வெட்டின் ஒரு பக்கம் ஒரு நூல் அளவு சரிந்திருந்தது. குறுக்கே பொருத்தும் கட்டை கழன்று விழாமலிருக்க அப்படிச் சரித்து வெட்டுகிறவர் அந்தக் கரையில் அவர் ஒருவர்தான்.

உளி கீழே விழுந்தது.

“இது என்ரை வெட்டு. கடலோடை போன செபநாயகத்துக்கு முந்தின வருசம் நான் செய்து குடுத்த சிலுவை! மக்டலீன், புருசன்ரை கல்லறைச் சிலுவையைப் பிடுங்கி வள்ளத்துக்குப் போடுறியோ? நான் தொடமாட்டன்.”

லியோன் தலையைக் குனிந்துகொண்டான். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

மக்டலீன் உளியை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“வாய்விட்டுச் சொன்னால் பொய்யாய்ப் போயிடுமோ எண்டு பயந்தனான், அண்ணை. அந்தக் குழிக்குள்ளை நாங்கள் அவரின்ரை சட்டையைத்தானே தாட்டனாங்கள்? காத்து அவரை இந்தியாவுக்கு அடிச்சுக்கொண்டு போயிருக்கு. இவ்வளவு நாளும் அங்கை சிறையிலை இருந்திட்டு, நாச்சிக்குடாவிலை வந்திறங்கிக் காய்ச்சலோடை கிடக்கிறது அவர்தான்.”