முதல் புள்ளி

டுலூத் நகரத்திலிருந்து வண்டி வந்து சேர இன்னும் ஒரு மணி நாற்பது நிமிடம் இருந்தது.

வருகிற ஆள் டுவேன் ரேடியோ பழுதுபார்க்கும் வேலை மேசையை மொத்தமாக வாங்கிக்கொண்டு போகிறான். மீட்டர்கள், சால்டரிங் இரும்பு, எழுபத்திரண்டு சின்ன இழுப்பறைகள் உள்ள தகர அலமாரி, எல்லாவற்றையும்.

அவன் மனைவி லோயிஸ் சமையலறை ஜன்னலைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்த வாரத்தில் மூன்றாவது தடவை.

"கண்ணாடி தேஞ்சு ஓட்டை விழப்போகுது," என்றான் டுவேன், மீட்டரைச் செய்தித்தாளில் சுற்றியபடி. "போன வாரம் வெளுக்கலன்னு பிளீச் ஊத்தி ஊத்தியே படுக்கை விரிப்பைக் கிழிச்ச. வர்றவன் மேசையை வாங்க வர்றான், அம்மணி. உன்னைப் பொண்ணு பாக்க இல்ல."

அவள் சிரிக்கவில்லை. துணியைப் பிழிந்தாள். மறுபடி துடைத்தாள்.

பழைய ரேடியோக்களுக்குள் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெபாசிட்டர்கள் தபால்தலை அளவில் இருக்கும். பழுப்பு உடம்பு, ஆறு வண்ணப் புள்ளிகள், எந்தப் பக்கமிருந்து படிக்க வேண்டும் என்று காட்ட ஒரு அம்புக்குறி. ஒவ்வொரு நிறமும் ஒரு எண். கெட்டுப்போனதை மீட்டரில் வைத்தால் மீட்டர் பொய்தான் சொல்லும். புள்ளிகளை நம்பித்தான் புதிதை மாட்ட வேண்டும்.

டுவேனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. பிறவியிலேயே அப்படி. அதை அவன் யாரிடமும் ஒளித்ததில்லை. ரேடியோ சங்கத்தார் கூடிப் பான்கேக் சாப்பிடும் சனிக்கிழமைகளில் அவனே சொல்லிச் சிரிப்பான். "கை என்னோடது. கண் இவளோடது."

இருபத்தாறு வருடமாக ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் படிப்பாள். அவன் பென்சிலால் எழுதுவான். ஒரு தடவைகூடத் திருப்பிக் கேட்டதில்லை.

பிள்ளைகள் ஊரைவிட்டுப் போன பிறகு, இருவரும் முழங்கை இடிக்க உட்காருவது அதற்கு மட்டும்தான்.

இந்தக் குளிர்காலத்தில், சரிசெய்து கொடுத்த ரேடியோப் பெட்டிகளில் மூன்று திரும்பி வந்தன. ஒன்று ஊளையிட்டது. ஒன்று வாயே திறக்கவில்லை. மூன்றாவது, பாதிரியார் வீட்டு ரேடியோ, ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள் முன்னால் புகைந்தது.

டுவேன் தன் சால்டரிங்கைச் சந்தேகித்தான். இரும்பை மாற்றினான். மூக்குக்கண்ணாடியை மாற்றினான். விரல்களை நீட்டி வைத்துக்கொண்டு, நடுங்குகின்றனவா என்று நெடுநேரம் பார்த்தான்.

பிறகு ஒரு நாள், உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டே, "எனக்குக் கை போச்சு" என்றான். சங்கத்து இதழுக்கு விளம்பரம் அனுப்பினான். அதற்குப் பிறகு அவன் எந்த ரேடியோவையும் திறக்கவில்லை. பாட்டுகூடக் கேட்கவில்லை.

இப்போது அவன் கையில் ஏதோ ஒன்றைப் பொத்திக்கொண்டு ஜன்னலோரம் வந்து உட்கார்ந்தான்.

"பழைய சாமான் தட்டு மூலையில கெடந்துது. பாதிரியார் பெட்டியில இருந்து நான் கழட்டின பழைய கெபாசிட்டர்." கூடவே அன்றைக்கு எழுதிய காகிதத்தையும் வைத்தான். 4250. "நான்தான் காதுல ஒண்ணு வாங்கி கையில ஒண்ணு எழுதிட்டேன்போல. இன்னொரு தடவை படியேன், லோயிஸ்."

இன்னொரு தடவை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கினாள். அம்புக்குறியை ஜன்னல் பக்கம் திருப்பினாள். வெளியே விடிந்ததிலிருந்து பெய்த பனி வேலிவரைக்கும் கிடந்தது.

இரண்டாவது புள்ளி சிவப்பு, ரெண்டு. மூன்றாவது பச்சை, அஞ்சு. கீழ்வரிசைக் கடைசியில் பழுப்பு, பின்னால் ஒரு பூஜ்யம். மடமடவென்று சொல்லிவிட்டாள்.

முதல் புள்ளியில் நின்றாள்.

முதல் புள்ளி மஞ்சள் என்றால் அது நாலு. வெள்ளை என்றால் அது எண்ணே இல்லை, எந்தக் கணக்குப்படி படிப்பது என்று சொல்லும் அடையாளம் மட்டும். அடுத்த புள்ளியிலிருந்துதான் எண்ணவேண்டும். நாலாயிரத்து இருநூற்று ஐம்பதா, வெறும் இருநூற்று ஐம்பதா என்பது அந்த ஒரு புள்ளியில் இருந்தது.

அவள் கெபாசிட்டரைச் சர்க்கரைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். எடுத்து மஞ்சள் வெண்ணெய் இருந்த தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். திரும்பவும் சர்க்கரைக்குப் பக்கத்தில்.

"என்ன, ரொட்டியில தடவித் தின்னப் போறியா?"

அவன் சிரித்தான். மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் சிரிப்பு. பென்சிலை நுனி மழுங்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, காகிதத்தின் மேல் வைத்துக் காத்திருந்தான்.

அவள் எழுந்து விளக்கைப் போட்டாள். அணைத்தாள். புள்ளியை நகத்தால் சுரண்டினாள்.

சாலையிலிருந்து ஒரு வண்டி திரும்பி, பனியை நசுக்கிக்கொண்டு வாசலுக்கு ஏறுவது கேட்டது. இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அந்த ஆள் சீக்கிரமே வந்துவிட்டான்.

"சரி விடு," என்று டுவேன் பென்சிலைக் கீழே வைத்தான். "இனி எதுவா இருந்தா என்ன."

அவன் எழுந்திருக்கும்போது அவள் அவன் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் கைக்கு ஒண்ணும் இல்ல. உக்காரு."

அவன் உட்காரவில்லை. வாசலில் வண்டிக் கதவு சாத்தப்பட்டது.

"சிவப்பு தெரியுது. பச்சை தெரியுது," என்றாள் லோயிஸ். "வெள்ளை எது, மஞ்சள் எதுன்னு எனக்குத் தெரியல, டுவேன். போன வருஷத்துல இருந்தே தெரியல. அந்த மூணு பெட்டிக்கும் நான் குத்துமதிப்பாத்தான் சொன்னேன்."