கருப்பட்டி நாட்டின் கடைசிக் கோட்டை

“அனுசியா, இன்னிக்காவது உன் நாயைக் கட்டிப்போடுவியா, மாட்டியா?”

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய கமலவல்லி, வாசலிலேயே போரை ஆரம்பித்துவிட்டாள். ஒரு கையில் வழக்கமான பால்கோவா டப்பா, மறு கையில் சிப்பாய்ப் பெட்டி.

“கட்டிருதேன் தாயி, உள்ள வா,” என்றாள் அனுசியா.

இருவரும் ஒரே ஆபீசில் குப்பை கொட்டி, ஒன்றாக ரிட்டயர் ஆனவர்கள். கமலவல்லியின் மகன் வேதாந்த் காலேஜ் நாளில் வாங்கிப் பரணில் போட்டுவிட்டுப் போன பொம்மைச் சிப்பாய்கள்தான் இந்த வம்புக்கெல்லாம் காரணம். ஒவ்வொன்றும் விரல்நகம் உயரம்கூட இராது. முக்கோணத் தொப்பி, வால் வைத்த கோட்டு, தோளில் துப்பாக்கி என்று இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய ஜோர். எந்த தேசத்துப் படை என்று உலகப் படத்தில் தேடினால் கிடைக்காது. அனுசியாவுடையது கருப்பட்டி நாடு. நெயில் பாலிஷில் பழுப்புக் கோட்டு. கமலவல்லியுடையது வெண்ணெய்த் தேசம், வெள்ளைக் கோட்டு. ஞாயிறுதோறும் அனுசியாவின் ராஜபாளையம் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பகடை உருட்டி, தையல் டேப்பால் தூரம் அளந்து சுட்டுக்கொள்வார்கள்.

கருப்பட்டி நாட்டுக்கு இப்போது மிச்சம் ஒரே ஒரு கோட்டை. அதுவும் போனால் போர் முடிந்தது. அது முடியவே கூடாது என்றிருந்தது அனுசியாவுக்கு. புனேயில் இருக்கும் வேதாந்த், அம்மாவை அங்கேயே வந்துவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தான். “இந்தப் போர் முடியட்டும், மறுநாளே கிளம்பி வரேன்” என்று கமலவல்லி வாக்குக் கொடுத்துவிட்டாள். சொன்ன சொல்லை மீறுகிற ஆள் இல்லை அவள். ஆட்டத்திலும் அப்படித்தான், டேப்பை ஒரு நூல் தள்ளி வைத்தாலும் எகிறுவாள்.

ஆனால் போன மூன்று ஞாயிறும், கோட்டை விழுகிற நேரம் பார்த்து அனுசியாவின் நாய் திவான், மேஜைமேல் பாய்ந்து இரண்டு தேசத்தையும் துவம்சம் செய்துவிட்டது. படை நின்ற இடம் கலைந்தால் அந்தச் சண்டை செல்லாது, மறுவாரம் முதலிலிருந்து போட வேண்டும் என்பது விதி. நீதான் நாயைப் பழக்கி வைத்திருக்கிறாய் என்று கமலவல்லி கத்திவிட்டுப் போவாள். அனுசியாவுக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். என்றாலும், தோழி வாயால் கள்ள ஆட்டக்காரி என்று பெயர் வாங்குவதை அவளால் தாங்க முடியவில்லை.

அதனால் இன்று திவானைக் கொல்லைப்புறத்து மோட்டார் குழாயில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டினாள். கமலவல்லியே கயிற்றை இழுத்துப் பார்த்துத் திருப்திப்பட்டாள். பிறகு அனுசியாவைக் காப்பி போட அனுப்பிவிட்டு, வழக்கம்போலத் தெர்மாகோல் மலைகளைத் தானே மேஜையில் அடுக்கினாள்.

சண்டை அமர்க்களப்பட்டது. கருப்பட்டி பீரங்கிக்கு எப்போது உருட்டினாலும் ஒன்றுதான் விழுந்தது. வெள்ளைக் கோட்டுக்காரர்கள் கோட்டை வாசலுக்கே வந்துவிட்டார்கள். இன்னும் ஒரே ஒரு உருட்டு.

“கையெல்லாம் பிசுபிசுங்கறது. அலம்பிண்டு வந்து உன் கதையை முடிக்கறேன்,” என்று கமலவல்லி கொல்லைப்புறம் போனாள்.

அவள் திரும்பி வந்து பகடையைக் கையில் எடுத்தாள்.

“உருட்டு கமலி. நீ போயிட்டா, பொறவு எனக்கு ஞாயித்துக்கெழமைன்னு ஒண்ணு எதுக்குட்டி?”

கமலவல்லி பகடையை உள்ளங்கைக்குள் வைத்துக் குலுக்கினாள், குலுக்கினாள், குலுக்கிக்கொண்டே இருந்தாள்.

கொல்லைப்புறக் கதவு படாரென்று திறந்தது. ஒரே பாய்ச்சல். திவான் நேராகக் கோட்டைக்குப் பக்கத்து மலையில் வந்து விழுந்தான். இரண்டு தேசமும் தரையில் சிதறின.

“சத்தியமா ரெண்டு முடிச்சுப் போட்டேன் கமலி,” என்று அனுசியா அழாத குறையாகச் சொன்னாள். கமலவல்லி காதிலேயே வாங்காமல் நாற்காலியில் சாய்ந்து மகனுக்குப் போன் போட்டாள். அனுசியா கூனிக் குறுகிப்போய்ச் சிப்பாய்களைப் பொறுக்கினாள். கவிழ்ந்து கிடந்த மலையை எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அதன் அடிப்பக்கத்தில் அப்பியிருந்தது, நாய் நக்கியது போக மிச்சமிருந்த பால்கோவா.

“இன்னும் முடியலைடா வேதாந்த். நான் என்ன பண்ணட்டும், அந்தக் கடங்கார நாய் விட்டாத்தானே?” என்று கமலவல்லி போனில் பொரிந்துகொண்டிருக்க, அவளுடைய இடது கை விரல்களை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டிருந்தான் திவான்.