பேனாவைக் கீழே வை

மாட்டிக்கொண்டால் பள்ளிக்கூடத்தில் தலைகாட்ட முடியாது.

அது தெரிந்தேதான் அவள் சமையலறைக் கதவைத் தாழிட்டு, ஊறுகாய் ஜாடிமேல் கைப்பேசியைச் சாய்த்து வைத்து, ஆன்லைன் இயற்பியல் வகுப்புக்குள் நுழைந்தாள். அடுப்பில் முலூக்கியாக் கீரை கொதித்துக்கொண்டிருந்தது.

திரையில் அவள் பெயர் வர்தா. பெயர் பொய். பதிவு செய்தபோது கொடுத்த பள்ளியும் பொய்.

வகுப்பில் சேரும் ரகசிய எண் அட்டையைத் தெருக்கோடிக் கடையில் அவள் வாங்கவில்லை. தன்தா நகர ரயில் நிலையத்துக்கு அந்தப் பக்கம், தன் முகம் தெரியாத புத்தகக் கடையாகப் பார்த்து, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போய் வாங்கினாள். கடைக்காரன் ஏற இறங்கப் பார்த்தான். மீதிச் சில்லறையைக்கூட வாங்காமல் வந்துவிட்டாள்.

இத்தனைக்கும் காரணம் மிஸ் நவால்.

அவள் பள்ளியில் கடைசி வருடத்துக்கு இயற்பியல் எடுப்பது மிஸ் நவால்தான். வருகைப் பதிவேட்டில் நாற்பத்தோரு பெண்கள். வகுப்பில் உட்கார்ந்திருப்பது மூன்றே பேர். மிச்ச முப்பத்தெட்டும் வீட்டில் படுத்தபடி முதலையிடம் படித்துக்கொண்டிருந்தன.

“அந்த முதலை வாயில போய் விழுந்தவ எவளா இருந்தாலும் சரி, என் கிளாஸ்ல அவளுக்கு இடமில்ல!” என்று மிஸ் நவால் சாக்பீஸ் உடையக் கத்திய அன்று, அவளும் அதே அறையில்தான் இருந்தாள்.

முதலை என்றால் மிஸ்டர் ஹம்தீ. ‘பிசிக்ஸ் முதலை’ என்ற பட்டத்தோடு அவருடைய படம் ஊரில் ஓடும் டுக்டுக் வண்டிகளின் முதுகிலெல்லாம் பல்லைக் காட்டும்.

மூன்று வாரமாக அவள் ஒரு வகுப்பைக்கூடத் தவறவிடவில்லை. ஆனால் அவள் நோட்டைப் புரட்டினால் சூத்திரம் ஒன்றுகூடக் கிடைக்காது. இருந்ததெல்லாம் முதலை அடித்த ஜோக்குகள், வரிசை எண் போட்டு. இன்று எழுபத்திரண்டாவது.

“செல்லங்களா! கம்பில கரன்ட் சும்மா ஓடாது. மாமியார் கூடத்துக்குள்ள நுழைஞ்ச மாதிரி. சுத்தி இருக்கிற காந்த ஊசி எல்லாம் டக்குனு திரும்பி, ஒழுங்கா உட்காந்துடும்!”

ஆறாயிரம் பேர் சிரிப்புப் பொம்மைகளைக் கொட்டினார்கள். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வந்ததற்காகத் தன்மேலேயே எரிச்சலும் வந்தது. எழுதிக்கொண்டாள்.

அப்போதுதான் அது நடந்தது.

முதலை பலகையில் செங்குத்தாக ஒரு கம்பி வரைந்தார். மின்னோட்டம் மேல்நோக்கி.

“வலது கை விதி! கட்டை விரல் கரன்ட் போற பக்கம். மத்த விரல் மடங்குற பக்கம் காந்தப்புலம். மேலேர்ந்து பாத்தா கடிகார முள் மாதிரி சுத்தும். முடிஞ்சுது, செல்லங்களா!”

அவர் தூக்கிக் காட்டியது இடது கை.

வலது கையில் மார்க்கர் இருந்தது.

விடை தலைகீழ். ஆறாயிரம் நோட்டுகளில் தலைகீழாகவே ஏறிக்கொண்டிருந்தது. பொதுத்தேர்வுக்கு இன்னும் நாற்பது நாள்.

சும்மா இரு, உனக்கெதற்கு வம்பு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விரல்கள் கேட்கவில்லை.

‘மிஸ்டர், முதல்ல பேனாவ கீழ வைங்க. அப்புறம் கையத் தூக்குங்க.’

அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அது மிஸ் நவாலின் வசனம். வலது கை விதி வருகிற ஒவ்வொரு வகுப்பிலும், மேசையைத் தட்டித் தட்டிச் சொல்லும் வசனம்.

‘யாருடி இவ? அப்படியே நம்ம நவால் மிஸ் மாதிரி பேசுறா!’ என்று எழுதினாள் பஸ்மலா. மூன்று மாதமாகப் பள்ளிக்கூடத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்காதவள்.

‘நம்ம கிளாஸ் ஆளுதான். கண்டுபிடிங்கடி, விடாதீங்க!’ இது ரவான்.

முதலை படித்துவிட்டுச் சிரித்தார். “வர்தா செல்லம், எனக்கே பாடமா? பதினெட்டு வருசமா எடுக்கிறேம்மா. எந்த மிஸ்ஸு உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது? மைக் தர்றேன், வந்து சொல்லு பாப்போம்.”

திரையில் பச்சையாக ஒரு பொத்தான் முளைத்தது. பேசு. பக்கத்திலேயே சிவப்பு. வெளியேறு.

அவள் விரல் சிவப்பின்மேல் போய் நின்றது. ஒரு தட்டு தட்டினால் வர்தா என்று ஒருத்தி இருந்ததே இல்லை.

“பாத்தீங்களா, ஆளைக் காணோம்! பள்ளிக்கூடத்து மிஸ்ஸுங்ககிட்ட படிச்சா இப்படித்தான், வலது எது இடது எதுன்னே தெரியாது. மறுபடி பாருங்க, செல்லங்களா...”

மறுபடியும் இடது கை.

விரல் பச்சைக்குத் தாவியது.

“தப்பு!”

ஒரே சொல். பள்ளிக்கூடத்து மூன்றாம் மாடியில் சொன்னால், வாசலுக்கு வெளியே நின்று ஃபூல் என்ற மொச்சை மசியல் சாண்ட்விச் தின்பவளும் மிச்சத்தை ஒளித்துவைத்துக்கொண்டு திரும்பிப் பார்க்கிற குரல்.

கொட்டிக்கொண்டிருந்த சிரிப்புப் பொம்மைகள் நின்றன.

பிறகு பஸ்மலாவிடமிருந்து ஒரு வரி வந்தது.

‘பேனாவ கீழ வெச்சுட்டேன், மிஸ்.’

‘நானும், மிஸ்.’ ரவான்.

மூன்றாவது வந்தது. ஏழாவது. இருபதாவது. அடுப்பில் கீரை பொங்கி வழிந்தது. மிஸ் நவால் அசையவில்லை. தினமும் பதிவேட்டில் தன் கையாலேயே ‘வரவில்லை’ என்று போடும் பெயர்களை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள்.

முப்பத்தெட்டு.

திரையில், பிசிக்ஸ் முதலை மார்க்கரை மெதுவாகக் கீழே வைத்தார்.